புரோட்டான்கள் மோதும்போது எந்த விசை வேலை செய்கிறது?

கேள்வி இதுதான்: "செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடுகிறார்களே, அந்தக் கணத்தில் அவற்றின் மேல் என்ன விசை செயல்படுகிறது? இயற்கையில் நான்கு விசைகள் என்று படித்தோம். நான்கும் சேர்ந்து வருமா, ஏதோ ஒன்றுதானா? எத்தனை நியூட்டன் என்று கணக்குப் போட முடியுமா?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் எவ்வளவு நெருங்குகின்றன என்பதைப் பொறுத்துத்தான் விசை. அதே இரண்டு புரோட்டான்கள் மெதுவாக வந்தால் ஒரு விசை, கொஞ்சம் நெருங்கினால் இன்னொன்று, ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் வேறொன்று. நியூட்டனில் கணக்குப் போடலாம். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அந்தக் கணக்குக்கு அர்த்தம் போய்விடும். எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியமான இடம்.

மோதல் என்றதும் நம் மனத்தில் வருவது கேரம் போர்டு. ஸ்ட்ரைக்கர் காயில் 'டக்' என்று படுகிறது, காய் ஓடுகிறது. அங்கே எது எதைத் தொட்டது? ஸ்ட்ரைக்கரின் விளிம்பில் இருக்கும் அணுக்களின் எலக்ட்ரான்களும் காயின் விளிம்பில் இருக்கும் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தடுத்துக்கொண்டன. பாதி மின் விலக்கம், மீதி, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக்கூடாது என்கிற பவுலி விதி. நாம் 'தொடுதல்' என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். புரோட்டானுக்கு இப்படி ஒரு தோல் கிடையாது. அதனால் 'பட்டது', 'படவில்லை' என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. ஒன்றின் உந்தம் மாறியிருந்தால் மோதல் நடந்தது என்று வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதற்கு மிகப் பழைய உதாரணமே மிக நல்ல உதாரணம். 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மேல் ஆல்ஃபா துகள்களை, அதாவது ஹீலியம் அணுக்கருக்களை, பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை நேராகப் போயின. சில ஆயிரத்தில் ஒன்று வந்த வழியே திரும்பியது. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் படம்கூட இருக்கும்: சின்ன உருண்டை பெரிய உருண்டையில் இடித்துத் திரும்புவது போல. அந்தப் படம் தப்பு. கணக்கைப் பாருங்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆல்ஃபா துகளின் ஆற்றல் 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று எடுத்துக்கொள்வோம். அதன் மின்னூட்டம் 2, தங்க அணுக்கருவின் மின்னூட்டம் 79. நேருக்கு நேர் போனால் மின் விலக்கம் அதன் வேகத்தையெல்லாம் உறிஞ்சி, சுமார் 30 ஃபெர்மி தூரத்தில் நிறுத்திவிடும். (ஒரு ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியால் வகுத்தால் வருவது. புரோட்டானின் ஆரம் சுமார் 0.84 ஃபெர்மி.) தங்க அணுக்கருவின் ஆரம் 7 ஃபெர்மிதான். ஆக, அந்த ஆல்ஃபா துகள் தங்கத்தை எட்டவேயில்லை. இருபது ஃபெர்மிக்கும் மேல் இடைவெளி இருக்கும்போதே திரும்பிவிட்டது.

அந்த இடத்தில் அதன் மேல் விசை எவ்வளவு? கூலூம் விதியில் போட்டால் சுமார் 42 நியூட்டன். நாலு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்தால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அது ஒரே ஒரு ஹீலியம் அணுக்கருவின் மேல் விழுகிறது. முடுக்கம் என்று பார்த்தால் 6-க்குப் பின்னால் 27 பூஜ்யம், மீட்டர்/விநாடி² அலகில். நான் இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எங்கோ தசமப் புள்ளியைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டு தடவை திருப்பிப் போட்டேன்.

சரி, இப்போது இரண்டு புரோட்டான்களுக்கு வருவோம். இரண்டும் நேர்மின்னூட்டம், எனவே விலக்கம். ஒரு ஃபெர்மி தூரத்தில் விலக்கு விசை சுமார் 230 நியூட்டன், அதாவது 23 கிலோ எடை. ஆனால் அந்தத் தூரத்தில் இன்னொருவர் ஆட்டத்துக்கு வந்துவிடுகிறார். அதுதான் வலிமையான அணுக்கரு விசை. இரண்டரை ஃபெர்மிக்கு அப்பால் அது இருக்கிற சுவடே தெரியாது. உள்ளே வந்துவிட்டால் ஒரு டன், இரண்டு டன் என்கிற அளவில் இழுக்கும். இன்னும் நெருக்கி அரை ஃபெர்மிக்குள் கொண்டுபோனால் அதுவே தள்ள ஆரம்பிக்கும். எல்லா அணுக்கருக்களும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நெருக்கத்தில் நடக்கும் மோதலை ஆய்வகத்தில் தேட வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. பெரிய எண்தான். ஆனால் புரோட்டான்கள் மின் விலக்கத்தைத் தாண்டி ஒன்றையொன்று எட்டுவதற்குத் தேவையான ஆற்றலோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு புரோட்டானிடம் சராசரியாக இருப்பது அதில் சில நூறில் ஒரு பங்குதான். பழைய இயற்பியல்படி சூரியன் எரியவே கூடாது. 1928-ல் காமோ என்ற இயற்பியலாளர் குவாண்டம் சுரங்க விளைவைச் சொன்ன பிறகுதான் வழி கிடைத்தது: சுவரைத் தாண்டி ஏற முடியாத துகள், மிகச் சிறிய நிகழ்தகவோடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்.

அப்படிப் புகுந்தாலும் கதை முடியவில்லை. இரண்டு புரோட்டான்கள் மட்டும் சேர்ந்து ஒரு கருவாக நிற்காது. வலிமையான விசைக்கு அந்த இணையைக் கட்டிவைக்கக் கொஞ்சம்தான் வலு போதவில்லை. ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால்தான் டியூட்டீரியம், அதாவது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு, கிடைக்கும். அந்த மாற்றத்தைச் செய்யக்கூடிய ஒரே விசை, பாடப்புத்தகத்தில் 'வலிமை குறைந்த அணுக்கரு விசை' என்று வரும் விசை. இனி மென்விசை என்கிறேன், சுருக்கமாக இருக்கும். இரண்டும் அருகருகே இருக்கும் அந்தத் துளி நேரத்துக்குள் மென்விசை வேலையை முடிக்க வேண்டும். அநேகமாக எல்லாத் தடவையும் முடிக்காது, புரோட்டான்கள் பிரிந்துவிடும். சூரியனின் மையத்தில் ஒரு புரோட்டான் விநாடிக்கு எண்ணற்ற தடவை மற்றவற்றோடு உரசுகிறது. இருந்தும் இப்படி ஒரு வெற்றிகரமான மோதலுக்காகச் சராசரியாக ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. சூரியனின் வயதே 460 கோடிதான். மையத்தில் ஒரு கன மீட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் 300 வாட்டுக்கும் குறைவு. நாலு சீலிங் ஃபேன் ஓடும், அவ்வளவுதான். அளவு பெரிது, அதனால் நமக்கு வெயில்.

நான்கு விசையும் சேர்ந்து வருமா என்று கேட்டீர்களே, இங்கே வருகிறது. நெருக்கி வைப்பது ஈர்ப்பு, தள்ளுவது மின்விசை, மாற்றுவது மென்விசை, கட்டிவைப்பது வலிமையான விசை.

இப்போது செர்ன். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பூமிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே, புரோட்டான்கள் ஓடும் 27 கிலோமீட்டர் வட்டம். 2022 முதல் ஒவ்வொரு புரோட்டானுக்கும் 6.8 டெரா (லட்சம் கோடி) எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இந்த வேகத்தில், நம் பார்வையில், புரோட்டான் உருண்டையாக இருக்காது. ஓடும் திசையில் ஏழாயிரம் மடங்கு நசுங்கி அப்பளம் மாதிரி இருக்கும். இரண்டு கொத்துகள் எதிரெதிரே வருகின்றன, ஒவ்வொன்றிலும் 10,000 கோடிக்கும் மேல் புரோட்டான்கள். மனித முடியின் பருமனைவிடக் குறுகலான இடத்தில் ஒன்றையொன்று ஊடுருவிப் போகின்றன. அந்தக் கூட்டத்தில் எத்தனை மோதும் என்று நினைக்கிறீர்கள்? ஐம்பது, அறுபது. மற்றவை எல்லாம் விலகிப் போய்விடும்.

இந்த ஆற்றலில் மின் விலக்கம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு புரோட்டானின் உள்ளடக்கமும் இன்னொன்றின் உள்ளடக்கமும் நேரடியாகச் சந்திக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது? மூன்று குவார்க் என்று படித்திருப்போம். அந்த மூன்றின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் வரும். மீதி எல்லாம் குவார்க்குகளைக் கட்டியிருக்கும் குளுவான்களின் ஆற்றலும் குவார்க்குகளின் ஓட்டமும். நீங்கள் 60 கிலோ என்றால் அதில் அறுநூறு கிராம் சொச்சம்தான் குவார்க்கின் சொந்த நிறை. அணுக்கருவில் புரோட்டானையும் நியூட்ரானையும் ஒட்டவைக்கும் விசை என்று மேலே சொன்னேனே, அது உண்மையில் இந்தக் குளுவான் விசையின் வெளியே கசியும் மிச்சம்.

இந்த விசையின் குணம் விநோதமானது. மின்விசை, ஈர்ப்பு எல்லாம் விலக விலகக் குறையும். இது குறையாது. ஒரு குவார்க்கைப் பிடித்து இழுத்தால் சுமார் 15 டன் எடைக்குச் சமமான இழுப்பு. இன்னும் தூரமாக இழுத்தாலும் அதே 15 டன். ஒவ்வொரு ஃபெர்மி நீளத்துக்கும் ஒரு புரோட்டானின் நிறைக்குச் சமமான ஆற்றல் அந்த இழையில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் இழை அறுந்துவிடும். அறுந்த ஒரு நுனியில் ஒரு புது குவார்க்கும் மறு நுனியில் ஒரு புது எதிர்க்குவார்க்கும் முளைத்திருக்கும். காந்தத்தை வெட்டினால் வடமுனை தனியாகக் கிடைக்காமல் இரண்டு காந்தம் கிடைக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதனால்தான் தனிக் குவார்க்கை யாரும் பார்த்ததில்லை. உணர்கருவியில் தெரிவது குவார்க் ஓடிய திசையில் பாயும் துகள் கூட்டம், பீய்ச்சியடிக்கும் தாரை போல. 1979-ல் ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில் இரண்டு தாரை வரவேண்டிய இடத்தில் மூன்று தாரை வந்தபோது, அந்த மூன்றாவதுதான் குளுவான் என்று கண்டுகொண்டார்கள்.

நேர்மாறான இன்னொரு குணமும் இதற்கு உண்டு. குவார்க்குகள் மிக மிக நெருங்கும்போது, அவற்றைப் பிணைக்கும் வலு தளர்ந்துவிடும். 1973-ல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் இதைக் கணக்கில் காட்டினார்கள். 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தளர்ச்சி இல்லையென்றால் செர்னில் நடப்பதை யாரும் தாளில் கணக்கிட்டிருக்கவே முடியாது.

சிதறு தேங்காய் விட்டால் தேங்காய்ச் சில்லும் தண்ணீரும்தான் வரும், உள்ளே இருந்தது மட்டுமே வெளியே வரும். செர்னில் இரண்டு தேங்காயை மோதினால் பலாப்பழம் விழுகிறது. மோதலின் ஆற்றல் புதுத் துகளாக உருவெடுக்கிறது. 2012 ஜூலை 4 அன்று அறிவித்த ஹிக்ஸ் துகளின் நிறை புரோட்டானைப் போல 130 மடங்குக்கும் மேல். அது புரோட்டானுக்குள் ஒளிந்திருக்கவில்லை. பெரும்பாலும் இரண்டு குளுவான்கள் மோதிய இடத்தில் பிறந்தது. அதுவும் நூறு கோடி மோதலுக்கு ஒன்று என்ற கணக்கில்.

இங்கேதான் நியூட்டன் கணக்கு கைவிட்டுப் போகிறது. 'எந்தக் கணத்தில், எந்த இடத்தில், எவ்வளவு தள்ளு' என்று கேட்டால்தான் விசைக்கு எண் உண்டு. குளுவானும் குளுவானும் சந்திக்கும் இடத்தில் இடத்தையும் உந்தத்தையும் சேர்த்துச் சொல்ல குவாண்டம் விதி அனுமதிக்காது. அப்புறம், துகளே மறைந்து வேறு துகள் பிறக்கும்போது 'விசை எதன் மேல்' என்ற கேள்விக்கும் ஆள் இல்லை. சில இடங்களில் இதை விளக்க, இரண்டு படகில் நிற்பவர்கள் பந்தை எறிந்து பிடித்துக்கொள்வதாகப் படம் போடுவார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. விலகுவதை அது காட்டும், ஈர்ப்பதைக் காட்டாது. புதுத் துகள் பிறப்பதைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் துகள் இயற்பியலில் விசையை நியூட்டனில் அளப்பதில்லை, இலக்கின் பரப்பில் அளக்கிறார்கள். ஒரு புரோட்டான் இன்னொன்றுக்கு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதுதான் அளவு. அலகின் பெயர் பார்ன், அதாவது வைக்கோல் கொட்டகை. 1940-களில் அமெரிக்காவில் அணுகுண்டு வேலை நடந்த நாட்களில், யுரேனியம் அணுக்கரு நியூட்ரானுக்குக் கொட்டகை மாதிரிப் பெரிய இலக்கு என்று விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. செர்னின் டோட்டம் சோதனையில் புரோட்டான்-புரோட்டான் மோதலுக்குக் கிடைத்தது சுமார் 110 மில்லிபார்ன். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவற்றில் எதுவும் உடைவதில்லை. இரண்டு புரோட்டான்களும் முழுசாக, திசையை மயிரிழை மாற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அவற்றைப் பிடிக்க மோதுமிடத்திலிருந்து 220 மீட்டர் தள்ளி, கற்றையின் ஓரத்திலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் நெருக்கி உணர்கருவி வைக்க வேண்டியிருந்தது. மிகமிகச் சிறிய கோணத்தில் திரும்பியவற்றில் மட்டும் பழைய கூலூம் விசையின் கைவரிசை இன்னும் தெரியும்.

மென்விசையைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் அதற்கு அநியாயம் செய்கிறது. அதைக் கொண்டுபோகும் டபிள்யூ, இசட் துகள்களை 1983-ல் செர்னில் கண்டுபிடித்தார்கள். டபிள்யூவின் நிறை புரோட்டானைப் போல 86 மடங்கு. அவ்வளவு கனமான துகள் தூரம் போகாது. புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாண்டுவதற்குள் விசையின் வீச்சு தீர்ந்துவிடும். வீச்சு குறைவு, அதனால்தான் நமக்குப் பலவீனமாகத் தெரிகிறது. ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை ஓடிய ஹெரா முடுக்கியில் எலக்ட்ரானையும் புரோட்டானையும் மோதவிட்டார்கள். உதை லேசாக இருக்கும்போது மின்காந்த வழி மோதல்கள் மென்விசை வழி மோதல்களைவிடப் பல மடங்கு அதிகம். உதை பலமாக ஆக ஆக, அதாவது தூரம் சுருங்கச் சுருங்க, இரண்டு கோடும் நெருங்கி வந்து ஒன்றாகின்றன. ஒரே வரைபடத்தில் அதைப் பார்க்கலாம். துகள் இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

எந்த மோதலில் எந்த விசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். கடிகாரத்தைப் பார்த்துத்தான். விண்வெளியிலிருந்து வரும் ஒரு புரோட்டான் நம் தலைக்கு மேல் பதினைந்து, இருபது கிலோமீட்டர் உயரத்தில் நைட்ரஜன் அணுக்கருவில் மோதுகிறது. மோதல் வலிமையான விசையால். முடிய ஆகும் நேரம், ஒரு விநாடியை 1-க்குப் பின் 23 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்தது. அதில் பயான் என்ற குறைந்த ஆயுள் துகள்கள் பிறக்கின்றன. மின்னூட்டம் இல்லாத பயான் இரண்டு ஒளித்துகளாக உடையும். அது மின்காந்த வேலை, வகுக்கும் எண்ணில் 16 பூஜ்யம். மின்னூட்டம் உள்ள பயான் மியூவானாக, அதாவது எலக்ட்ரானின் கனமான உறவாக, மாறும். அது மென்விசையின் வேலை, 26 நானோ விநாடி. கேட்கச் சின்ன நேரம்தான், ஆனால் முதல் விசையோடு பார்த்தால் யுகம். அந்த மியூவான்கள் தரைவரை வந்துவிடுகின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள், ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று ஊடுருவிப் போகும். ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்தச் சாரலைத்தான் இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

செர்ன் மோதலில் கருந்துளை உருவாகி உலகத்தை விழுங்கிவிடுமா என்று கேட்பவர்களுக்கும் மேலே பார்க்கத்தான் சொல்வேன். 1991-ல் அமெரிக்காவின் யூட்டா வானில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல் 50 ஜூல் அளவு. சுழற்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் கிரிக்கெட் பந்துக்குச் சமம். காற்றில் அது மோதிய மோதல் செர்னில் நடப்பதைவிடப் பத்துக்கணக்கான மடங்கு பலமானது. ஒன்றும் ஆகவில்லை. ஈர்ப்பு விசையோ இந்த மோதல்களில் கணக்கிலேயே சேராது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே ஈர்ப்பைவிட மின்விசை 1-க்குப் பின் 36 பூஜ்யம் மடங்கு பெரிது.

கடைசியாக, மோதாமலே நடக்கும் மோதல் ஒன்று. செர்னில் ஆண்டுக்குச் சில வாரங்கள் புரோட்டானுக்குப் பதில் காரீய அணுக்கருக்களை ஓடவிடுகிறார்கள். பல நேரம் இரண்டு கருக்களும் தொடாமல் பக்கத்தில் உரசிப் போய்விடும். வலிமையான விசைக்கு எட்டாத தூரம். ஆனால் 82 புரோட்டான்களின் மின்புலம் அந்த வேகத்தில் நசுங்கி ஒரு ஒளிவீச்சாகவே பாய்கிறது. அந்த உதையில் எதிர்க்கரு அதிர்ந்து சில புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் உதிர்க்கும். காரீயத்திலிருந்து ஒரு புரோட்டான் போனால் தாலியம், இரண்டு போனால் பாதரசம், மூன்று போனால் தங்கம். நம் சித்தர்கள் ரசவாதம் என்று எதை நினைத்தார்களோ அது. அவர்களுடைய ரசம், அதாவது பாதரசம், வழியிலேயே வந்துவிடுகிறது பாருங்கள். 2025-ல் செர்னின் ஆலிஸ் சோதனைக் குழு இந்தக் கணக்கை வெளியிட்டது: 2015 முதல் 2018 வரை உண்டான தங்க அணுக்கருக்கள் சுமார் 8,600 கோடி, மொத்த எடை 29 பிக்கோகிராம். ஒரு குன்றிமணி எடையை எட்டில் ஒரு கிராம் என்று வைத்து, அதே வேகத்தில் சேர்த்துக்கொண்டே போனால் 1,700 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி. இதில், உண்டான கருக்கள் கண்ணிமைப்பதற்கு வெகுமுன்பே குழாயின் சுவரிலோ தடுப்பிலோ மோதிச் சிதறிவிடும் என்பதை நான் கழிக்கவில்லை.